எந்தத் தோடி பெரிய தோடி? நாயன ஆலாபனையை வைத்து உருப்படியாக வாதாடுவது எப்படி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் நாயனம், அதாவது நாகஸ்வரம், கேட்கிறவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் தோடி ராகத்தில்தான் வந்து நிற்கும். அந்தக் கால நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளை தோடியா, அவர் சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் தோடியா, இல்லை போன வருஷம் எங்கள் ஊர்த் தேருக்கு இன்னார் வாசித்தாரே அதுவா என்று தொடங்கி, அரை மணி நேரத்தில் குரல் ஏறி, ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் காதில் விழாமலே கலைந்துபோவார்கள். எனக்கு இந்த வாதங்கள் ரொம்பப் பிடிக்கும். இப்படிப் பேச ஆள் இருக்கிற ஊரில்தான் நாயனக்காரர் மனசு வைத்து ராகம் வாசிப்பார், அதாவது பாட்டும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்து ஆலாபனை செய்வார். ஆனால் பெரும்பாலான வாதம் வீணாகத்தான் போகிறது, ஏனென்றால் ரெண்டு பேரும் ஒரே வாசிப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அதனால் முதல் வேலை, எந்த வாசிப்பு என்று சொல்வது. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்று ஒரு ராக் குழு இருந்தது, மேடையில் பாட்டை விட்டு விலகி அந்த நேரத்தில் தோன்றியதை நீளமாக வாசிப்பதுதான் அவர்கள் பெயர் வாங்கிய விஷயம். ரசிகர்கள் கச்சேரிகளை டேப்பில் பதிந்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள், 1984இல் பதிவு செய்கிறவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கிவிட்டார்கள். அந்த ரசிகர்கள் வாதத்தைப் பாட்டுப் பெயரோடு நிறுத்துவதில்லை, 1977 மே 8, கார்னெல் என்று தேதியும் இடமும் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நாம் அதைச் செய்வதில்லை. ‘பிள்ளைவாள் தோடி’ என்றால் எது? இசைத்தட்டா, ரேடியோவில் வந்ததா, தாத்தா தெருவில் நின்று கேட்டதா? ஒவ்வொன்றிலும் அவர் புதிதாகத்தான் வாசித்திருப்பார். ஊர், சந்தர்ப்பம், வருஷம், கூட வாசித்த தவில்காரர் யார், இந்த நாலும் தெரிந்தவரை சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள். வருஷம் தெரியாவிட்டால் பதிவில் முதலில் என்ன வருகிறது, எத்தனை நிமிடம் என்றாவது சொல்லுங்கள், எதிரில் இருப்பவர் தேடிப் பிடித்துக்கொள்வார்.

அடுத்து, எதோடு எதை வைத்துப் பார்ப்பது. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் அடங்கும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை தெருவில் மணிக்கணக்காகத் தோடி வாசித்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அப்படிப்பட்டவர் தட்டின் சில நிமிடத்துக்குள் ராகத்தைக் காட்டும்போது எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்பதுதான் அங்கே கேட்க வேண்டியது. அதையும் 40 நிமிடம் ஓடுகிற புறப்பாட்டுப் பதிவையும் பக்கத்தில் வைத்து, இதில் விஸ்தாரம் போதாது, அதில் சுருக்கம் இல்லை என்றால் இருவருக்கும் அநியாயம். தட்டைத் தட்டோடு வையுங்கள், ரேடியோவை ரேடியோவோடு, தெருவைத் தெருவோடு.

கல்யாண மண்டபப் பதிவு என்றால் கூடுதலாக ஒரு விஷயம். முகூர்த்தத்தில் ராகம் நல்ல இடத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே மேடையிலிருந்து விரல் ஆடும், உடனே கெட்டிமேளம் கொட்டியாக வேண்டும். ராகம் பாதியில் அறுந்தது என்று வாசித்தவரைக் குறை சொல்லக் கூடாது. அதற்குப் பதில், கெட்டிமேளம் ஓய்ந்த பிறகு அவர் எந்த ஸ்வரத்தில் திரும்ப நுழைகிறார் என்று கேளுங்கள். விட்ட இடத்தையே பிடித்து, நடுவில் ஒன்றும் நடக்காத மாதிரி மேலே போகிறவர் இருக்கிறார், ஷட்ஜத்துக்குப் போய் முதலிலிருந்து கட்டுகிறவரும் இருக்கிறார். என் கணக்கில் முதல் ஆளுக்குத்தான் மதிப்பு.

சுருதியைப் பார்க்காமல் வேகத்தைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிருகா என்கிற வேகமான ஸ்வரச் சுழலைக் கேட்டு ‘என்ன பிருகா, என்ன வேகம்’ என்று நாம் வியக்கிற சில பதிவுகளில் வேகம் டேப்பினுடையது. ஒரு காலத்தில் திமிரி நாயனம்தான் வழக்கம், குட்டையானது, சுருதி உச்சத்தில் இருக்கும். ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்துதான் நீளமான பாரி நாயனத்தை இன்று இருக்கிற உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆச்சா மரத்தில் கடைகிற அந்த நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாரி பொதுவாக ரெண்டு, ரெண்டரைக் கட்டைக்கு நிற்கும், கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்கிற அளவு. ஆகவே பதிவைப் போட்டதும் போனில் தம்புரா ஆப்பைத் திறந்து சுருதி சேருங்கள். வாசிப்பது பாரி என்று தெரிந்தும் நாலு கட்டையில் சேர்ந்தால், டேப்பை மாற்றிப் பதியும்போது வேகம் கூடியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அரைக் கட்டை ஏறினாலே வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடும், 3 நிமிட வாசிப்பு 2 நிமிடம் 50 விநாடியில் முடிந்துவிடும். கட்டைக் கணக்கில் ஏறியிருந்தால் சொல்லவே வேண்டாம். இலவச எடிட்டிங் ஆப் பலவற்றிலும் வேகத்தை இறக்கலாம், சுருதியும் கூடவே இறங்குகிற மாதிரி வைக்க வேண்டும். சுருதியை மட்டும் தனியாக இறக்கினால் பிருகாவின் வேகம் அப்படியேதான் இருக்கும்.

சரி, இப்போது கேட்பது. ஒரு வாசிப்பைக் குறைந்தது மூன்று தடவை கேட்காமல் வாதத்துக்கு வராதீர்கள். முதல் தடவை சும்மா கேளுங்கள், ஒன்றும் குறிக்க வேண்டாம்.

ரெண்டாம் தடவை நாயனத்தை மட்டும். தோடி என்றால் காந்தாரத்தில், அதாவது க என்கிற ஸ்வரத்தில், காதை வையுங்கள். நாயனத்தில் விரல் வைக்கிற துளைகள் ஏழுதான், கீழே இருக்கிற மற்றவை சுருதிக்காக விட்டவை. அந்த ஏழை வைத்துக்கொண்டு தோடியின் காந்தாரம் ஆடுகிற ஆட்டத்தை விரலால் மட்டும் கொண்டுவர முடியாது, வாயில் வைத்து ஊதுகிற சீவாளியில் உதடு கொடுக்கிற அழுத்தமும் மூச்சின் அளவும்தான் அதைச் செய்கின்றன. ஆகவே ஒருவர் காந்தாரத்தில் நீளமாகக் கார்வை கொடுக்கிறார், அதாவது அந்த ஸ்வரத்திலேயே நீட்டி நிற்கிறார், என்றால் அவர் உடம்பையே அங்கே வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அது தேய்ந்து கீழே சரிகிறதா, கடைசிவரை அதே கனத்தில் நிற்கிறதா? எங்கே மூச்சு வாங்குகிறார், வாங்கியது தெரிகிறதா? அப்புறம் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தொடாமல் த நி ரி க ம த என்று போகிற பிடிகள், அதாவது ஸ்வரக் கோவைகள். தோடியில் இது பழைய வழி, எல்லாரும் போவார்கள். போனவர் எவ்வளவு நேரம் பஞ்சமத்தை நம் காதுக்குக் காட்டாமல் வைத்திருந்தார், கடைசியில் எங்கே கொண்டுவந்து இறக்கினார் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். துத்துகாரம் போட்டு, அதாவது நாக்கால் தட்டி, உடைத்து வாசிக்கிற இடத்தையும் ஒரே மூச்சில் அகாரமாக இழைக்கிற இடத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ராஜரத்தினம் பிள்ளை பெரிய ஆள் என்று எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இந்தக் குரல் மாதிரியான இழைப்புதான் என்பது என் எண்ணம், வெறும் வேகத்தில் அவருக்குச் சமமாக வாசித்தவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் தடவை தவில். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நாயன ஆலாபனையின்போது தவில் சும்மா இருப்பதில்லை, ராகத்துக்கு நடுவில் நாயனக்காரர் நிறுத்தும் இடங்களில் புகுந்து வாசித்துவிட்டு விலகும். தாளம் இல்லாத ராகத்துக்குப் பக்கத்தில் இப்படி வாசிப்பது லேசான காரியமில்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி இவர்களெல்லாம் வாசித்த பதிவில் ‘நாயனம் எப்படி’ என்று மட்டும் பேசினால் பாதியைத் தள்ளிவிட்டுப் பேசுகிறோம். தவில் ஓய்ந்ததும் நாயனம் எடுக்கிற முதல் பிடியைக் கேளுங்கள். அதற்கு முன்னால் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தவர் தவில் கொடுத்த வேகத்தில் மேல் ஷட்ஜத்துக்குத் தாவுகிறாரா, இல்லை தவில் எவ்வளவு உருட்டினாலும் தன் பாட்டுக்கு விட்ட இடத்திலேயே நிதானமாக ஆரம்பிக்கிறாரா? ரெண்டும் நல்லதுதான். அந்த இரவில் இருவருக்கும் நடுவில் என்ன பேச்சு நடந்தது என்று அதில் தெரிந்துவிடும்.

இந்தத் தடவை கையில் பேனா இருக்கட்டும், நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ‘6.20, தைவதம், நிற்கிறார்’, ‘11.05, தவில் முடிகிறது, மந்தர ஸ்தாயியில் எடுக்கிறார்’, இவ்வளவு போதும். வாதத்தில் ‘அவர் மாதிரி வருமா’ என்று யாராவது சொன்னால் கோபப்படாமல் ‘எந்த இடம் மாமா, போட்டுக் காட்டுங்க’ என்று கேளுங்கள். போட்டுக் காட்டினால் ரெண்டு பேரும் ஒன்றையே கேட்பீர்கள், அங்கிருந்து வாதம் உருப்பட்டுவிடும். கேட்டபின் நீங்கள் சொல்வதும் இடத்தைக் காட்டிச் சொல்வதாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே தராசில் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாமி புறப்படும்போது கம்பீரநாட்டை ராகத்தில் வாசிக்கிற மல்லாரிக்கு உருவம் முன்பே உண்டு, அதைக் காலம் மாற்றி, திஸ்ரமாக்கி, அதாவது மூன்று மூன்றாகப் பிரித்து, எப்படி நிறுத்துகிறார்கள் என்பதுதான் அங்கே திறமை. ரக்தி என்பது சாகித்தியம் இல்லாமல் சின்ன லயக் கருவை எடுத்து ராகமும் தவிலுமாக வளர்த்துக்கொண்டே போவது, செம்பொன்னார்கோயில் பரம்பரையின் பெயரோடு சேர்ந்தே பேசப்படுவது, இன்று அதை வாசிக்கக் கேட்பதே அபூர்வம். திருவீழிமிழலை சகோதரர்கள் கீர்த்தனை வாசிப்புக்குப் பெயர் போனவர்கள், அவர்களைத் தோடி ஆலாபனைச் சண்டைக்குள் இழுத்து வந்து தோற்கடிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? அதே போல ‘எங்க ஊர்க்காரர்’, ‘எங்க வாத்தியார் வழி’ என்பதை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். காருகுறிச்சி அருணாசலம் தாமிரபரணிக்காரர், ஆனால் சிஷ்யனாக இருந்தது ராஜரத்தினம் பிள்ளையிடம்தான். அந்தத் தோடியைக் காவிரிக்குச் சொந்தம் என்பீர்களா, இல்லை என்பீர்களா? முதன்முதலாக இப்படி வாதாடிப் பழகுகிறவர்கள் இந்தக் குரு சிஷ்யர் இருவரின் தோடிப் பதிவுகளையும் எடுத்துக்கொள்வதுதான் நல்லது. ஒரே வழியில் வந்தவர்கள் என்பதால் பிரிகிற இடம் சட்டென்று காதில் படும், சிஷ்யரிடம் குருவின் பிடி அப்படியே வரும் இடமும், அதைக் கொஞ்சம் இனிப்பாக்கி வேறு பக்கம் திருப்புகிற இடமும்.

பதிவே இல்லாத வாசிப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள், ‘ஆதாரம் இருக்கா’ என்றும் கேட்காதீர்கள். எந்த வீதி, மணி என்ன இருக்கும், தவில் யார், அதற்கு முன்னால் என்ன வாசித்தார், இப்படிக் கேட்டால் நினைவு தானாக வெளியே வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் பதிவு செய்த வாசிப்போடு ஒன்றுக்கொன்று வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், ரெண்டும் வேறு வேறு சாட்சியம்.

இன்றைக்கு வாசிக்கிறவர்களை நாம் பதிவு செய்யாவிட்டால் இருபது வருஷம் கழித்து வாதாட ஒன்றும் இருக்காது. புறப்பாட்டில் நாயனத்தின் அணசுக்கு, அதாவது அடியில் விரிந்த வாய்க்கு, நேர் எதிரே நிற்காதீர்கள், ஒலி அங்கே முகத்தில் அறைகிற மாதிரி வரும், போன் மைக் தாங்காது. தவிலில் விரல்களில் கூடு போட்டு வாசிக்கிற வலந்தலைப் பக்கத்திலும் நிற்காதீர்கள். நாயனக்காரர் பக்கமாக, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, கொஞ்சம் சாய்வாக நடந்து வந்தால் ரெண்டும் கேட்கும். வீடியோவை விட ஒலிப்பதிவு ஆப் நல்லது, அதில் இரைச்சல் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுருதிக்கு ஊதுகிற ஒத்தையும் தாளச் சத்தத்தையும் இரைச்சல் என்று நினைத்து அதுவே தின்றுவிடும். தீபாராதனைக்கு மணியும் மேளமும் அடிக்கிற மின்சார மெஷின் ஓடுகிற கோயிலாக இருந்தால் உள்ளே பதிவதில் பலன் இல்லை, சாமி வீதிக்கு வந்ததும் ஆரம்பியுங்கள். பெரும்பாலும் வீதியில் கூட்டம் குறைந்த பிறகுதான் நீள ராகம் வரும், ஆகவே பேட்டரியை மல்லாரிக்கே செலவழித்துவிட வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன் வித்வானிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ‘அண்ணே, பதிஞ்சுக்கலாமா’ என்றால் போதும், பிறகு அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவர் தன் வாசிப்பைத் திரும்பக் கேட்டுவிட்டுச் சொல்கிற ஒரு வரி நம் அரை மணி வாதத்துக்குச் சமம். ஃபைல் பெயரில் தேதி, ஊர், கோயில், எந்தத் திருவிழா, எத்தனையாம் நாள், எந்த வீதி, நாயனம் யார், தவில் யார், ராகம் எல்லாம் இருக்கட்டும். வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாகவே அனுப்புங்கள், துண்டு துண்டாக வெட்டி அனுப்பாதீர்கள். எல்லார் கையிலும் ஒரே ஃபைல் இருந்தால்தான் நீங்கள் 6.20 என்று சொல்கிற தைவதம் அவருக்கும் 6.20இல் வரும்.