விரல்தானே என்று விட்டுவிடாதீர்கள்

ஆந்திராவில் நகரி, புத்தூர் பக்கம் எலும்பு அடிபட்டாலே ‘கட்டுப் போட்டுடலாம்’ என்பதுதான் முதல் பேச்சு. எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர்கள் போடும் புத்தூர் கட்டு அவ்வளவு பேர் பெற்றது. விரல் என்றால் கேட்கவே வேண்டாம், எக்ஸ்ரே படம் எடுக்காமலே கட்டிக்கொண்டு மறுநாள் தறிக்குப் போய்விடுகிறார்கள்.

‘மடக்க முடியுது, அப்போ உடையல’ என்பது தப்பான கணக்கு. எலும்பு முறிந்திருந்தாலும் தசைநாண் விரலை அசைக்கும். உருவி விட்டால் சரியாகும் என்று இழுப்பதும் வேண்டாம். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் சோப்புப் போட்டுக் கழற்றுங்கள். வராவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள், ஆஸ்பத்திரியில் வெட்டி எடுப்பார்கள்.

எனக்கு மிகவும் மனசு கஷ்டமான தவறு வேறு. விசைத்தறியில் என் சித்தப்பாவுக்கு மோதிர விரல் முறிந்தது. நீட்டிப் பார்த்தால் நேராகத்தான் இருந்தது, அப்படியே கட்டிவிட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகு சோறு பிசையக் கையை மடக்கினார், அந்த விரல் சுண்டுவிரல் மேல் ஏறிக்கொண்டது. முறிந்த துண்டு திருகியபடியே கூடிவிட்டது. இந்தத் திருகல் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, விரலை மடக்கினால்தான் தெரியும். வலி தாங்குகிற அளவுக்கு மெல்ல மடக்குங்கள். நான்கு விரல் நுனியும் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டை நோக்கிச் சாய வேண்டும். மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆரம்ப நாட்களில் திருப்பி வைப்பது சுலபம். கூடிய பிறகு எலும்பை வெட்டித்தான் திருத்த வேண்டும்.

படம் எடுக்கும்போது அந்த விரலைத் தனியாகப் பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். முழுக் கைப் படத்தில் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து முறிவு மறைந்துபோகும்.

அப்புறம், கையை விறைப்பாக நீட்டிக் கட்டுவதும் தவறு. பெரும்பாலான முறிவுகளுக்கு விரலின் அடி மூட்டு சுமார் 70 டிகிரி மடங்கி, மேல் மூட்டுகள் இரண்டும் நேராக இருக்க வேண்டும். சாதாரண முறிவுக்கு 3 முதல் 4 வாரம் போதும். பயந்துகொண்டு இரண்டு மாதம் வைத்தால் மூட்டு இறுகிவிடும். அடிபடாத விரல்களை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும்.

நுனி மட்டும் தொங்கிப்போனால் கதை வேறு. 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் நுனி நேராகவே இருக்க வேண்டும், குளிக்கும்போதுகூட. ஒரு தடவை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்துதான்.

காயத்தோடு முறிந்தாலோ, குழந்தையின் விரல் கதவில் நசுங்கி நகம் பெயர்ந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. பச்சிலை, மஞ்சள் எதுவும் புண்ணில் வைக்காதீர்கள்.

எங்கே கட்டினாலும் சரி, விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டு மரத்தாலோ, நடு ராத்திரியானாலும் கட்டை உடனே தளர்த்திவிட்டுக் கிளம்புங்கள்.