நாகர்கோவில் புறநகரில் சொகுசு வீடு வாங்கும் முன்

நாகர்கோவிலைச் சுற்றி எழும் சொகுசு வீட்டுத் தொகுப்புகளைப் பார்க்கச் செல்வோர், மாதிரி வீட்டின் பளிங்குத் தரையில் மயங்காமல், முதலில் அந்த மண்ணின் பழைய நிலையை விசாரிக்க வேண்டும். இரு பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில், வயலையோ குளத்தின் ஓரத்தையோ நிரப்பி உருவான மனையில் 2021 நவம்பர் வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள்; விளம்பரத்தாளைவிட அவர்களையே நான் நம்புவேன். வருவாய்த்துறையின் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டில் நஞ்சை என்றிருந்தால் கூடுதல் கவனம் தேவை.

அறிவித்த விலையோடு செலவு முடிவதில்லை. கட்டுமானத்திலுள்ள சொகுசு வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. நிறைவுச் சான்றிதழுக்குப் பின் வாங்கினால் இல்லை. முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், மின் இணைப்பு, மாதப் பராமரிப்பு அனைத்தையும் எழுத்தில் பெறுங்கள். ரியல் எஸ்டேட் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது.