மனிதக் குரங்குக் குட்டியின் சைகைகள் உருவாகும் விதத்தைப் பதிவு செய்வது எப்படி?

ஒரு தாய் சிம்பன்சியையும் அதன் குட்டியையும் தேர்ந்துகொண்டு, அந்த இணையை மட்டும் வாரம் ஒருமுறையாவது, நாளின் அதே நேரத்தில், பல மாதங்கள் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரே நாளில் முழுக் கூட்டத்தையும் பார்த்து எழுதினால் சைகைகளின் பட்டியல்தான் கிடைக்கும். அவை வளர்ந்த கதை கிடைக்காது. கைபேசியில் காணொளி எடுத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் பல சைகைகள் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும், குறிப்பேட்டில் கண் பதித்திருக்கும்போதே அவை தவறிப்போகும்.

எந்த அசைவைச் சைகை என்று கொள்வது என்பதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். அரிப்பெடுத்துச் சொறிவது சைகையன்று. ஆனால், தன் கையை நீட்டி, மற்றொரு சிம்பன்சியின் காதில் விழும்படி நீளமாகவும் பலமாகவும் சொறிந்துவிட்டு, அதன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால், பேன் பார்க்க வருமாறு அழைக்கிறது என்று கருத இடமுண்டு. எதிரில் இருக்கும் சிம்பன்சியைப் பார்த்துச் செய்ததா, செய்தபின் காத்திருந்ததா, பலன் கிடைக்காதபோது மறுபடி முயன்றதா என்னும் மூன்றையும் ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

சைகையின் பொருளைக் கையின் வடிவத்திலிருந்து ஊகிக்கக் கூடாது. எதிரில் இருப்பது என்ன செய்தவுடன் சைகை நின்றது என்பதை எழுதுங்கள், அதுவே பொருள். உகாண்டாவின் புடோங்கோ காட்டில் ஆய்வாளர்கள் கேத்தரின் ஹோபைட்டரும் ரிச்சர்ட் பைர்னும் இவ்வழியில்தான் 66 சைகைகளை 19 நோக்கங்களோடு பொருத்தி 2014இல் வெளியிட்டார்கள். இலையைப் பல்லால் ஓசையெழக் கிழிக்கும் சைகையை நினைத்துப் பாருங்கள். தான்சானியாவின் மஹாலேயில் அது இணைசேர அழைப்பதற்கும், கினியின் போசுவில் விளையாட்டின்போதும் பயன்பட்டிருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் பொருள் சொல்லிவிடுபவர் ஏமாந்துபோகும் இடம் இது.

சைகை எங்கிருந்து வருகிறது என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. மைக்கேல் டொமசெல்லோவின் விளக்கப்படி அது இருவருக்கிடையே பழகிப் பழகிச் சுருங்குவது. விளையாட்டாக அடிக்க வரும் குட்டி முதலில் கையை உயர்த்துகிறது. அடுத்து அடி விழும் என்று தோழன் அறிந்துகொள்கிறான். நாளடைவில் உயர்த்திய கையே விளையாட அழைப்பதாகிவிடுகிறது. ஹோபைட்டரும் பைர்னும் இதை ஏற்கவில்லை. அப்படி உருவானால் ஒவ்வொரு இணைக்கும் தனித்தனிச் சைகை இருக்க வேண்டும், ஆனால் தொலைவிலுள்ள கூட்டங்களிலும் ஒரே சைகைகள் காணப்படுகின்றன, ஆகவே பெரும்பகுதி பிறவியிலேயே வாய்த்தது என்பது அவர்கள் வாதம். சிம்பன்சிக்கும் அதன் நெருங்கிய உறவான பொனோபோ என்னும் மனிதக் குரங்குக்கும் சைகைகள் பெரும்பாலும் பொதுவாக இருப்பதும் இவர்கள் பக்கமே சாய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் உங்கள் குறிப்பேட்டில் முடிவை முன்கூட்டியே எழுதிவிடாமல், கை உயர்ந்தபின் அடி விழுந்ததா, இல்லையா என்பதைத் தேதியோடு எழுதிவந்தால், பின்னர் எந்த விளக்கத்தோடும் ஒப்பிடலாம்.

வயதையும் மறவாமல் குறிக்க வேண்டும். புடோங்கோவில் இளம் சிம்பன்சிகள் பல சைகைகளை விடாமல் அடுக்கிக் காட்டின. மூத்தவையோ பலன் தரும் ஒன்றைத் தேர்ந்து காட்டின. எனவே ஒரு வேண்டுதலுக்கு எத்தனை சைகைகள் செலவாயின என்று எண்ணுவது, வளர்ச்சியை அளக்க எளிய வழி.

எதிரில் இருப்பதன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதும் பதிவில் இடம்பெற வேண்டும். முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதிடம் கையசைப்பதை விடத் தொட்டு உணர்த்துவதே பயன் தரும். முதல் முயற்சி பாதி பலித்ததா, முற்றும் தவறியதா என்பதையும் பிரித்தெழுதுங்கள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், விரும்பிய உணவில் பாதி கிடைத்த ஒராங்குட்டான்கள் முன்பு செய்த சைகைகளையே திரும்பச் செய்தன. வேண்டாத உணவு கிடைத்தவை வேறு சைகைகளுக்கு மாறின.

உயிரியல் பூங்காவில் பார்ப்பவர்கள், பராமரிப்பாளரையும் பார்வையாளரையும் நோக்கிச் செய்யப்படும் சைகைகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்க வேண்டும். உணவைக் கை நீட்டிச் சுட்டும் வழக்கம் மனிதரோடு வாழும் சிம்பன்சிகளிடம் சாதாரணமாகக் காணப்படுகிறது. காட்டில் அது மிக அரிது.