ஒரே கூடை, எத்தனை நண்டு இனம்?
காசிமேட்டில் சேற்று நண்டு என்று ஒரே கூடையில் கிடப்பவை இரண்டு இனமாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்க வேண்டாம். செல்லுக்குத் தேவையான ஆற்றலைத் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ (COI) என்ற மரபணுவில் சுமார் 650 டிஎன்ஏ எழுத்துகள் போதும்.

நண்டின் ஒரு காலை ஒடித்து, வெள்ளைத் தசையில் அரிசியளவு எடுத்து 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், டிஎன்ஏ பாழாகிவிடும். லேபிளைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். நான் பேனாவால் எழுதி, ராயபுரம் தாண்டுவதற்குள் 12 குப்பியும் அநாமதேயம்!

சரி, பிசிஆர் (அந்த மரபணுத் துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) முடிந்ததும், துண்டின் எழுத்து வரிசையை இரு திசையிலும் படித்தெடுங்கள். அப்புறம் புரதமாக மாற்றிப் பாருங்கள். எந்த எழுத்துகள் எந்த அமினோ அமிலம் என்று சொல்லும் அட்டவணைகளில், முதுகெலும்பற்றவற்றுக்கான மைட்டோகாண்ட்ரியா அட்டவணைதான் சரி. நடுவில் நிறுத்தக் குறி (புரதம் இங்கே முடிகிறது என்னும் குறி) வந்தால், அது பெரும்பாலும் உட்கருவில் ஒட்டிக்கிடக்கும் போலி நகல். அதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மாறும் எழுத்துகளை எண்ணுங்கள்; வித்தியாசம் அதிகமானால் அவை வேறு இனமாக இருக்கலாம்.