தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களின் தாமான் வீடுகளில், ஜப்பானிலிருந்து ரிக்கான்டிஷனாக வந்த டொயோட்டா 86, மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களை இப்போது பார்க்க முடிகிறது. எண்ணெய் மாற்றுவதற்கும் பிரேக் பேட் போடுவதற்கும் ஒவ்வொரு முறையும் ஈப்போவுக்கு ஓடாமல், ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போர்ச்சிலேயே வேலையை முடித்துக்கொள்ள நினைப்பதில் குற்றமில்லை. ஆனால், மைவி, சாகா போன்ற சாதாரணக் கார்களைத் தூக்கிப் பழகிய கை இந்தக் கார்களிடம் தடுமாறுகிறது. தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன: ஜாக்கி அடியில் நுழைவதில்லை.

சாதாரண டிராலி ஜாக்கியை முழுவதும் இறக்கினாலும் அதன் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 130 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். காரின் அடி இடைவெளியும் அவ்வளவுதான். ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய கார் என்றால் அதுவும் இல்லை. அப்போது பலர், ஜாக்கி எந்த மூலையில் புகுகிறதோ அங்கே வைத்து அழுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். சைடு ஸ்கர்ட் உடைவது, தரைத்தகடு உள்ளே குழிவது, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி (ஆயில் சம்ப்) விரிசல் விடுவது ஆகிய எல்லாம் இந்த அவசரத்தின் விளைவுகளே. தாழ்வான கார் வைத்திருப்பவர் 75 முதல் 85 மில்லிமீட்டர் வரை இறங்கும் தாழ்வகை ஜாக்கி ஒன்றை வாங்கிவிடுவதே முறை. கார் வாங்கப் பணம் இருந்தவருக்கு இதில் சிக்கனம் தேவையில்லை என்பது என் கருத்து.

அந்த ஜாக்கி இருந்தாலும் முன்பக்கம் சிக்கல் தீர்வதில்லை. தூக்கும் இடம் பம்பரிலிருந்து வெகுதூரம் உள்ளே இருப்பதால், ஜாக்கியின் கைப்பிடி பம்பரில் இடித்து, ஒவ்வொரு அழுத்தத்திற்கும் சில அங்குலமே அசையும். இதற்கு, முன் சக்கரங்களை 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகைகளின்மேல் மெதுவாக ஏற்றி நிறுத்திய பிறகு ஜாக்கியை உள்ளே தள்ளுவது எளிய வழி. பலகை டயரைவிட அகலமாகவும், சக்கரம் உருண்டு விழாத அளவுக்கு நீளமாகவும், ஏறும் முனை சரிவாகச் சீவப்பட்டும் இருக்க வேண்டும். மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். மறுநடவுக்காகத் தோட்டத்தில் வெட்டிப்போட்ட ரப்பர் மரத்துண்டு இலவசமாகக் கிடைக்கிறது; பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் விரைவில் பிடித்துக்கொள்ளும் என்பதால், வெளியே உறுதியாகத் தெரிவது உள்ளே மாவாகியிருக்கலாம். செம்பனைத் தண்டோ நாராலும் சோற்றாலும் ஆனது. பாரம் ஏறினால் நசுங்கும். மர ஆலையில் கெம்பாஸ் அல்லது செங்கால் போன்ற கடின மரத்துண்டு கேட்டு வாங்குவதே நல்லது.

அடுத்தது தரை. டிராலி ஜாக்கியின் கை நேர்க்கோட்டில் மேலெழுவதில்லை. வில்போல் வளைந்து எழுகிறது. எனவே கார் ஏற ஏற, ஜாக்கி தன் சிறு இரும்புச் சக்கரங்களில் சற்று உருண்டு காருக்கு அடியில் நகர்ந்தாக வேண்டும். செம்மண்ணிலோ, வெயிலில் இளகிய தாரிலோ அந்தச் சக்கரங்கள் புதைந்து உருள மறுத்தால், நகர வேண்டிய ஜாக்கிக்குப் பதிலாக அதன் தலை காரின் அடியிலிருந்து வழுக்கிப் போகும். மொசைக் பதித்த போர்ச்சில் சிக்கல் வேறு வகை: மொசைக் கல்லின் அடியில் வெற்றிடம் இருந்தால் அது உடையும், ஈரம் இருந்தால் ஜாக்கி தேவைக்கு மேல் ஓடும். மேலும், மழைநீர் வடிகாலுக்கு ஓடுவதற்காகப் போர்ச் பெரும்பாலும் வாசலை நோக்கிச் சரிவாகவே கட்டப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவை ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். சமமான சிமெண்டுத் தரை கிடைக்காவிட்டால் அன்றைக்குத் தூக்காமல் இருப்பதே சரி. பிற்பகல் இடிமழை வரும் நாட்களில் காலையிலேயே வேலையைத் தொடங்குவதும் நல்லது.

ஹேண்ட் பிரேக் போட்டாகிவிட்டது, கியரிலும் நிற்கிறது, இனி கார் எங்கே போகும் என்ற நம்பிக்கைதான் இருப்பவற்றுள் மிக மோசமானது. இந்தக் கார்களில் பல பின்சக்கர இயக்கம் கொண்டவை; ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரங்களையே பிடிக்கிறது. பின்பக்கம் முழுவதும் தூக்கப்பட்டதும், பிரேக்கும் கியரும் காற்றில் தொங்கும் சக்கரங்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தரையில் நிற்கும் முன் சக்கரங்களுக்குத் தடையே இருக்காது. ஒரே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலும் கியரை நம்ப முடியாது. சாதாரண டிஃபரன்ஷியல் (இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரப் பெட்டி) உள்ள காரில், தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று கொடுக்க, தரையிலுள்ள சக்கரம் தாராளமாக உருளும். ஆட்டோ காரின் ‘பி’ நிலைக்கும் இதே கதிதான். ஆகவே, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்புக்கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது.

தூக்கும் இடத்தைக் காருடன் வந்த கையேட்டில் பார்க்க வேண்டும். இன்னொரு காரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், இரண்டு வெட்டுக்குறிகளுக்கு இடைப்பட்ட சிறு பகுதி மட்டுமே வலுவூட்டப்பட்டிருக்கும். அங்கே இரும்புத் தலையை நேரடியாக வைத்தால் விளிம்பு மடங்கி, பெயிண்ட் உரிந்து, நம் ஈரக்காற்றில் துரு ஏறிவிடும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் திண்டு சில ரிங்கிட்டுக்கே கிடைக்கிறது. இங்கே புதியவர்களைக் குழப்பும் ஒரு முடிச்சு உண்டு: ஜாக்கியும் அந்த விளிம்பில், தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டும் அதே விளிம்பில் என்றால், இரண்டும் ஒரே இடத்தில் எப்படி நிற்கும்? முன்னால் கிராஸ்மெம்பர் எனும் குறுக்குச் சட்டத்தின் நடுவிலோ, பின்னால் டிஃபரன்ஷியலின் அடியிலோ தூக்க உங்கள் காரின் கையேடு அனுமதித்தால், இருபுற விளிம்புகளும் ஸ்டாண்டுகளுக்கு விடுபடும். எஞ்சின் நடுவில் அமைந்த டொயோட்டா எம்ஆர்2 போன்ற கார்களில் பாரம் பின்பக்கம் மிகுதியாக இருப்பதால், மற்ற காரில் சரியாக இருந்த முறை இங்கே சரியாக இராது.

ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. உள்ளே எண்ணெயை அடைத்து வைத்திருப்பவை சில ரப்பர் சீல்களும் வால்வுமே. அவை பழுதாகும்போது முன்னறிவிப்புத் தருவதில்லை. ‘அஞ்சு நிமிச வேலைதானே, தம்பி’ என்று ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கச் சொல்லும் எந்த அண்ணனின் பேச்சையும் கேட்க வேண்டாம். செங்கல், சிமெண்டுக் கல் இரண்டையும் முட்டாகக் கொடுக்கக் கூடாது. ஒரே புள்ளியில் பாரம் ஏறினால் அவை வளையாமல் திடீரென்று சிதறும். ஒரே உயரத்தில் பூட்டிய, பூட்டு ஊசி செருகிய இரண்டு ஸ்டாண்டுகளின்மேல் காரை இறக்கியபின், ஜாக்கியை லேசாகத் தொட்ட நிலையில் அப்படியே விட்டுவைக்கலாம். கழற்றிய சக்கரத்தைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்கவைப்பதும் நல்ல காப்பு. பிறகு காரின் பக்கத்தில் நின்று இரு கைகளாலும் பலமாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். வீட்டில் யாருமில்லாத நேரத்தில் அடியில் போகாதீர்கள். 999-ஐ அழைக்க வேறொருவர் வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றுவதென்றால், கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். ஸ்டாண்டின்மேல் நிற்கும் காரில் நீண்ட கம்பியை மாட்டி மிதிப்பது, காரையே பக்கவாட்டில் உதைப்பதற்குச் சமம். வேலை முடிந்ததும் அடியில் கருவியோ கையோ பலகையோ இல்லை என்று குனிந்து பார்த்து, சற்றே தூக்கி ஸ்டாண்டுகளை எடுத்து, ஜாக்கியின் வால்வை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். தாழ்வகை ஜாக்கிகள் சிலவற்றில் கால் சுற்று திருப்பினாலே கார் தொப்பென்று இறங்கிவிடும். சக்கரங்கள் தரையில் பதிந்தபின் நட்டுகளை எதிரெதிர் வரிசையில், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.