உப்புக்காற்றுக்குத் தாங்குகிற ஃபிட்னஸ் பேண்ட்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நடை, நாடித்துடிப்பு பார்க்கக் கையில் கட்டுகிற குறைந்த விலை ஃபிட்னஸ் பேண்ட் பற்றி யூடியூபில் வரும் வீடியோக்களில் பாதி, ஏசி அறைக்குள் மேசைமேல் வைத்துப் பேசியவை. தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை, இந்தப் பக்கம் கீழக்கரை, வாலிநோக்கம் வரை ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற நமக்கு அது எவ்வளவு உதவும் என்று தெரியவில்லை. நம் ஊரில் பேண்டைக் கெடுப்பது உப்பும் வியர்வையும் வெயிலும்தான். அதனால் நூறு ஸ்போர்ட்ஸ் மோடு இருக்கிறதா என்று பார்க்கிற நேரத்தில், தண்ணீர் தாங்குமா, சார்ஜர் பின் களிம்பு பிடிக்குமா, மத்தியான வெயிலில் டிஸ்பிளே தெரியுமா, பெல்ட் அறுந்தால் வேறு கிடைக்குமா என்ற நாலு கேள்வியைக் கேட்டுவிட்டாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

முதலில் எதற்கு வாங்குகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள். நடையை எண்ண வேண்டும், நாடித்துடிப்பு தெரிய வேண்டும், தூக்கம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றால் ஒல்லியான பேண்ட் போதும். அதே விலையில் பெரிய டயலோடு, கையிலேயே போன் பேசலாம் என்று ஒன்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் புளூடூத்தில் பேச ஆரம்பித்தால் சார்ஜ் இறங்குகிற வேகமே வேறு. நடக்க வாங்குகிறவருக்கு அது வேண்டாத செலவு.

இப்போது தண்ணீர். அட்டைப்பெட்டியில் ஐபி68 என்றோ 5 ஏடிஎம் என்றோ போட்டிருக்கும், இரண்டும் ஒன்றல்ல. ஐபி68 சோதனை அசையாத நல்ல தண்ணீரில், கம்பெனி சொல்கிற ஆழத்தில், அது சொல்கிற நேரத்துக்குச் செய்வது, பெரும்பாலும் ஒன்றரை மீட்டர், அரை மணி நேரம். மழை, வியர்வை, கை கழுவுவது, இதற்கெல்லாம் அது போதும். கடலில் குளிக்கிறவர், நீந்துகிறவர் 5 ஏடிஎம் போட்டதைத்தான் எடுக்க வேண்டும். அதையும் 50 மீட்டர் ஆழம் முங்கலாம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. 50 மீட்டர் ஆழத்துத் தண்ணீருக்குச் சமமான அழுத்தத்தை, அசையாமல் வைத்திருக்கும்போது தாங்கும், அவ்வளவுதான். கையை வீசித் தண்ணீரில் அடிக்கும்போது அழுத்தம் கூடும். சங்கு குளிக்கப் போகிறவர்கள் இதைக் கட்டிக்கொண்டு இறங்கவே வேண்டாம், பாசி எடுக்கப் போகிற அக்காமார்களும் முங்கி எடுப்பதாக இருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. இன்னொன்று, உள்ளே இருக்கிற ரப்பர் சீல் நாளாக ஆகத் தளரும். புதிதில் தாங்கியது இரண்டு வருஷம் கழித்தும் தாங்கும் என்று சொல்ல முடியாது. சோப்பும் வெந்நீரும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். தண்ணீர் புகுந்து போனால் வாரண்டி உண்டா என்று அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள், பல கம்பெனிகள் இல்லை என்றுதான் எழுதியிருக்கும்.

சார்ஜர் பின்னைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் நம் பக்கம் நிறைய பேண்ட் சாவது அதில்தான். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், இரண்டு சின்ன உலோகப் புள்ளி இருக்கும். கடலில் நனைந்ததையோ வியர்வை காய்ந்ததையோ அப்படியே சார்ஜரில் மாட்டினால், உப்பு ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து அந்தப் புள்ளி அரிக்க ஆரம்பிக்கும். முதலில் மங்கும், அப்புறம் ஓரத்தில் பச்சையாகப் பூக்கும், அதன் பிறகு சார்ஜ் ஏறினால் ஏறும், இல்லாவிட்டால் மக்கர்தான். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் காயவிட்டு அப்புறம் மாட்டுங்கள். போர் தண்ணீரே உப்புக் கரிக்கிற ஊர் என்றால் குடிதண்ணீரில் ஒரு டம்ளர் போதும். வாங்கும்போதே அந்த மாடலுக்குச் சார்ஜர் தனியாகக் கிடைக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். ஒன்றின் சார்ஜர் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் சேராது, அது தொலைந்தால் பேண்டும் சேர்த்துத்தான் தொலைந்தது.

டிஸ்பிளேயை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து ஏமாற வேண்டாம். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பாருங்கள், எழுத்து தெரிகிறதா என்று. வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் போட்டிருப்பார்கள், ஐந்நூறுக்குக் கீழே இருந்தால் அரியமான் கடற்கரை மணலில் நின்று பார்க்கும்போது கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் பறக்கும், அதனால் ஒரு ஸ்க்ரீன்கார்டு ஒட்டிவிடுங்கள்.

பெல்ட் சிலிக்கானாக இருக்கும். அதற்கடியில் வியர்வை தேங்கி அரிப்பும் தடிப்பும் வருவது சகஜம், தினமும் கழற்றிக் கழுவிக் காயவிட்டால் குறையும். சாதாரண வாட்ச் மாதிரி 20 அல்லது 22 மில்லிமீட்டர் பின் போட்ட பெல்ட் என்றால் ராமநாதபுரம் கடைத்தெருவிலேயே மாற்றிக்கொள்ளலாம். அந்த மாடலுக்கு மட்டும் என்று தனிக் கொக்கி வைத்தது என்றால் ஆன்லைன்தான் கதி.

நடை எண்ணிக்கையில் கொஞ்சம் ஏமாற்று உண்டு, பேண்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உள்ளே இருக்கிற சென்சார் கை அசைவை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. பள்ளம் விழுந்த ரோட்டில் பைக் ஓட்டினாலும், நின்ற இடத்தில் வலை இழுத்தாலும் சில நூறு அடி ஏறிவிடும். தலையில் கூடையோ இடுப்பில் குடமோ வைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தால், கை வீசாததால் நடந்தும் கணக்கில் வராது. கடையில் கட்டிப் பார்க்க விட்டால் நூறு அடி எண்ணி நடந்து பாருங்கள், நாலைந்து கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்று யாரும் மருத்துவ ஆராய்ச்சி செய்து ஆரம்பித்ததில்லை, 1960களில் ஜப்பானில் நடை எண்ணும் கருவி விற்ற ஒரு கம்பெனியின் விளம்பரத்தில் பரவிய எண் அது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. கண்மாய்க்கரையில் தினம் அரை மணி விறுவிறுவென்று, வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 வந்துவிடும்.

நாடித்துடிப்பைப் பச்சை விளக்கு வைத்து, தோலுக்கடியில் ரத்தம் ஓடுவதைப் பார்த்துக் கணக்கிடுகிறது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல் கட்டினால்தான் சரியாக வரும், வளையல் மாதிரித் தொங்கவிட்டால் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். அப்புறம் பிரஷர், சுகர். இது முக்கியம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாட்சில் பிரஷர் காட்டுகிறது, சுகரும் காட்டுகிறது என்று யாராவது விற்றால் நகர்ந்து வந்துவிடுங்கள். ஊசி குத்தாமல் தானாகவே சுகர் பார்க்கிற எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அத்தாவுக்கு வாங்கிக் கொடுத்து அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது என்று ஆரம்பித்தால் ஆபத்து. பிரஷருக்குக் கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற மெஷினை வாங்குங்கள்.

ராத்திரி கடலுக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும், பகல் தூக்கத்தையும் கணக்கில் எடுக்குமா என்று. சில பேண்டுகள் எடுப்பதே இல்லை, சில பேண்டுகள் நீண்ட தூக்கத்தை மட்டும் எடுக்கும். அதேபோல ஜிபிஎஸ். மலிவான பேண்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக ஜிபிஎஸ் கிடையாது, போனிலிருந்து கடன் வாங்கும். போனை வீட்டில் வைத்துவிட்டுக் குந்துகால் வரை ஓடினால் அடி எண்ணிக்கை சேமிப்பாகும், போன வழி வரைபடத்தில் வராது.

தமிழ் எழுத்து வருமா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். உங்கள் போனோடு இணைத்து, வாட்ஸ்அப்பில் ‘கொஞ்சம் பொறு’ என்று ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். சிலதில் வெறும் கட்டம் கட்டமாக வரும், சிலதில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறி வரும். போனுக்கும் பேண்டுக்கும் ஒத்துவருமா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, 2024இல் 4,999 ரூபாய்க்கு வந்த சாம்சங் கேலக்ஸி ஃபிட்3 நல்ல பேண்ட்தான், 5 ஏடிஎம் உண்டு, ஆனால் ஆண்ட்ராய்டோடு மட்டும்தான் பேசும், ஐபோன்காரர்களுக்கு ஆகாது, தனி ஜிபிஎஸும் இல்லை.

துபாயிலிருந்து வருகிற மச்சானிடம் சொல்லி வாங்குவது நம் பக்கம் வழக்கம். விலை குறைவாக இருக்கலாம், ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் செல்லாது. இங்கே வாங்கினாலும் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கேளுங்கள். மதுரைக்குத்தான் வர வேண்டும் என்றால், ராமேஸ்வரத்திலிருந்து போய்வருகிற செலவும் ஒரு நாள் வேலையும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சாமானுக்குக் கட்டுமா என்று யோசியுங்கள். கூரியரில் அனுப்பி வாங்கிக்கொள்கிற வசதி உள்ளதை எடுக்கலாம்.

வாங்கிய வாரமே எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள், ஆன்லைனில் மாற்றிக் கொடுக்கிற நாட்கள் கொஞ்சம்தான். நாடியைக் கையால் பிடித்து முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி ஒத்துப் பாருங்கள், சார்ஜ் எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள், ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கியும் பாருங்கள். போனில் அந்த ஆப்புக்கு பேட்டரி சிக்கனத்தை நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் போன் அதைத் தூங்கவைத்துவிடும், கணக்கு ஒன்றும் வந்து சேராது. காண்டாக்ட் லிஸ்ட், போட்டோ எல்லாம் கேட்டால் கொடுக்க வேண்டாம், நடை எண்ண அது தேவையில்லை. பில்லைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த மெல்லிய தாளில் எழுத்து சில மாதத்தில் அழிந்துவிடும்.