பட்டன் போன்ல 14567 ஸ்பீட் டயலா போட்டு குடுங்க

வீட்ல பெரியவங்க பட்டன் போன் வச்சிருந்தா 14567 நம்பரை ஸ்பீட் டயல்ல 2-ம் பட்டன்ல போட்டு குடுத்துடுங்க, அமுக்கி புடிச்சா போதும் கால் போயிடும். இது முதியோருக்கான எல்டர்லைன், காசு கிடையாது, காலைல 8 மணில இருந்து ராத்திரி 8 மணி வரைக்கும் தமிழ்லயே பேசலாம். காட்பாடி, குடியாத்தம் பக்கம் பசங்க பெங்களூரு சென்னைன்னு போயிட்டு அப்பா அம்மா மட்டும் தனியா இருக்கற வீடு எவ்ளோ இருக்கு, அவங்களுக்கு மனசு பாரத்த இறக்கி வைக்கவே ஒரு ஆள் வேணும், பென்ஷன் சந்தேகமோ புள்ளைங்க சோறு போடலன்னாலோ எங்க போகணும்னும் இதுலயே வழி சொல்லுவாங்க. புள்ளைங்ககிட்ட ஜீவனாம்சம் கேக்க, பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007 சட்டப்படி ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல மனு குடுக்கலாம், வக்கீல் வைக்கணும்னு அவசியமே இல்ல, அந்த செலவும் மிச்சம். பெரியவங்க முன்னாடியே ஒரு தடவ போட்டு பேச வைங்க, அப்பதான் கூச்சம் போகும்.

நெஞ்சு வலி, கீழ விழுந்துட்டாங்கன்னா இது வேணாம், நேரா 108. அடிதடி, மிரட்டல்னா 112.